கறுத்த முகத்துக்கு வெளிச்சம் வைப்பது: ஒரு சிஜி இட்லிக்கடைக் காட்சி

காட்சி இதுதான், முழுக்கக் கணினியில் உருவாக்கிய சிஜி படம். இரவு நேரம், சாலையோரத் தள்ளுவண்டி இட்லிக்கடை. வண்டிக்குப் பின்னால் அறுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. நல்ல கறுப்பு நிறம், நரைத்த கொண்டை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, கண்டாங்கிச் சேலை. இட்லிக் கொப்பரையின் மூடியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கேமராவுக்கு இடப்பக்கம் வந்து நிற்கும் யாரையோ பார்க்கிறார். தலைக்கு மேல் ஒயரில் தொங்கும் எல்இடி பல்பு, கீழே விறகடுப்பு, எதிர்ப்புறம் தெரு. இடுப்புக்கு மேல் தெரியும் உயரவாக்கு ஃப்ரேம். ஒரு குறும்பட அனிமேஷனுக்கான முதல் படமாக மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பிளெண்டர் 4.2 என்ற 3டி மென்பொருளில், ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்கும் (ரெண்டர் செய்யும்) அதன் சைக்கிள்ஸ் ரெண்டரரில் செய்தது.

"அண்ணே, மாடலிங்ல குறை சொல்ல ஒண்ணுமில்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா பார்த்தா பொம்மை மாதிரியே இருக்கு, எங்க தப்புன்னே பிடிபடல" என்று ஃபைலை அனுப்பியிருந்தார். மாடலிங்கில் உண்மையிலேயே குறை இல்லை. கழுத்துச் சுருக்கம், காதில் தோடு இழுத்து நீண்ட துளை, முழங்கை வரை எல்லாம் கவனித்துச் செய்யப்பட்டிருந்தது. அதில் பாதி படத்தில் தெரியவே இல்லை, அதுதான் பிரச்சினை.

ஃபைலைத் திறந்தால் பாட்டியைச் சுற்றி மூன்று பெரிய ஏரியா லைட்டுகள், மூன்றும் வெள்ளை, மூன்றும் நூற்றுக்கணக்கான வாட்டில். போதாததற்கு வேர்ல்டில், அதாவது காட்சியைச் சுற்றிய வானத்தில், ஒளி தரும் சூழல் படமான ஓர் எச்டிஆர்ஐ, ஸ்ட்ரெங்த் 1-இல். பல்பு மாடல் தொங்குகிறது, அதிலிருந்து வெளிச்சம் வரவில்லை. அடுப்பில் நெருப்பு எரிகிறது, அதுவும் யார் மேலும் விழவில்லை. எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று கேட்டபோது அவர் சொன்னது, முதலில் பல்பும் நெருப்பும் மட்டும்தான் வைத்திருந்தாராம், முகம் இருட்டாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு லைட்டாகச் சேர்த்து பவரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். முகம் தெரிய ஆரம்பித்தது. கூடவே தோல் சாம்பல் பூத்த ஆரஞ்சு நிறமாகி, பாட்டி மெழுகுப் பொம்மையாகிவிட்டார்.

இந்த ஒரு இடத்தில்தான் முழுக் காட்சியும் சிக்கியிருந்தது என்பது என் கணிப்பு. கறுத்த தோலை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு 'இன்னும் வெளிச்சம் போடு' என்பது தவறான பதில். ஏன் என்பதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

தோலின் மேல் விழும் ஒளி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது, அதுதான் மினுமினுப்பு. தோலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.4, அதைக் கணக்குப் போட்டால் நேராக விழும் ஒளியில் 2.8 சதவீதம் இப்படித் திரும்பும். மீதி தோலுக்குள் போய், சிதறி, மெலனின் உறிஞ்சியது போக எஞ்சியது வெளியே வருகிறது. நாம் தோலின் நிறம் என்று பார்ப்பது இந்த இரண்டாவது பங்கை. முதல் பங்கு எல்லா நிறத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவந்த தோலில் உள்ளிருந்து வரும் ஒளி அதிகம் என்பதால் அந்த 2.8 சதவீதம் அதில் கரைந்துபோகிறது. கறுத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு, அதனால் அதே மினுமினுப்பு பளிச்சென்று தனித்துத் தெரிகிறது, கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, நெற்றி எங்கே முடிகிறது என்பதையெல்லாம் அதுவே சொல்லிவிடுகிறது. கோயிலில் எண்ணெய்க்காப்பு சாத்திய கருங்கல் மூலவரை நினைத்துக்கொள்ளுங்கள். கருவறையில் ஃப்ளட்லைட் யாரும் போடவில்லை, பக்கவாட்டு விளக்கு எண்ணெயில் பட்டுத் திரும்புகிற அந்தக் கோடுகளில்தான் மூக்கும் தோளும் நமக்குத் தெரிகின்றன.

ஆகவே கறுத்த முகத்துக்கு வேண்டியது அதிக வெளிச்சம் அல்ல, சரியான இடத்தில் வைத்த பெரிய, மென்மையான ஓர் ஒளிப்பரப்பு. அது முகத்தில் பிரதிபலிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பது.

இது இந்தத் தம்பி ஒருவரின் கோளாறு இல்லை. கருவிகளே அப்படி வளர்ந்தவை. ஃபிலிம் காலத்தில் கோடாக் லேபுகளில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த 'ஷெர்லி கார்டு'களில் பல காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். சிஜியில் 2001-இல் ஹென்ரிக் வான் யென்சனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங் (மேற்பரப்புக்குக் கீழே ஒளி சிதறுவது) ஆய்வுக்கட்டுரை தோல் என்ற விஷயத்தையே மாற்றிப்போட்டது, பளிங்கும் பாலும் மனித முகமும் அதில் எடுத்துக்காட்டுகள். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு 'தோல் என்றால் உள்ளே ஒளி ஊடுருவுவது' என்பது பாடமாகவே ஆகிவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தின் தியடோர் கிம் 2020-இல் இதைத்தான் எழுதினார், ஊடுருவலுக்குக் கொடுத்த கவனம் வெள்ளைத் தோலை மையமாக வைத்தது, கறுப்புத் தோலில் முக்கியமாகத் தெரிவது பளபளப்பு என்று. நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் 'கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பண்ணுங்க' என்று முகத்தை மட்டும் வெளுக்க வைக்கிற வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது இன்னும் சிரமம். நமக்கு ரீடச் என்றாலே வெளுப்பு என்று பழகிவிட்டது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு

முதல் வேலை, எல்லா லைட்டையும் அணைத்தது. எச்டிஆர்ஐயை 0.02-க்கு இறக்கினேன், வானத்தில் நீலம் கொஞ்சம் இருந்தால் போதும். அப்புறம், கணக்கிட்ட ஒளியைத் திரை நிறமாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்மைப் பார்த்தால் 'ஸ்டாண்டர்டு' என்று இருந்தது. பிளெண்டர் 4.0-இலிருந்து 'ஏஜிஎக்ஸ்'தான் இயல்பு, ஆனால் இந்த ஃபைல் ஏதோ பழைய டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்கியது. ஸ்டாண்டர்டில் நெருப்பு போன்ற பிரகாசமான ஆரஞ்சு சட்டென்று தட்டையான மஞ்சளாக வெட்டுப்படும், அடுப்பு வாயில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். ஏஜிஎக்ஸுக்கு மாற்றி, லுக்கில் 'மீடியம் ஹை கான்ட்ராஸ்ட்' வைத்ததும் நெருப்பின் நடு வெளுத்து, ஓரம் சிவந்து, நெருப்பு நெருப்பாக ஆனது. இதைச் செய்யாமல் லைட்டிங்கில் கை வைப்பதில் பயனில்லை, எதைச் சரிசெய்கிறோம் என்றே தெரியாது.

கேமராவும் மாறியது. 28 மில்லிமீட்டரில் கிட்டத்தில் வைத்திருந்தார், மூக்கு முன்னால் வந்து காது பின்னால் போயிருந்தது. 70-க்கு மாற்றிப் பின்னால் இழுத்தோம், ஃப்ரேம் அதே, முகம் வேறு.

அடுத்தது பல்பு. வண்டிக்கடைப் பல்பை எல்லோரும் மஞ்சளாகப் போடுவார்கள், காலண்டர் படம் போல. இன்றைக்கு நம் ஊர்த் தள்ளுவண்டிகளில் தொங்குவது பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) வெள்ளை எல்இடிதான், மஞ்சள் குண்டு பல்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் வெள்ளையாகவே வைத்தேன், ஆனால் வெப்பநிலையை ஒளியின் நிறமாக்கும் பிளாக்பாடி நோடில் 5200 கொடுத்தேன். பவர் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். பிளெண்டரில் பாயின்ட் லைட்டுக்குப் போடும் வாட், பல்பு டப்பாவில் எழுதியிருக்கும் வாட் இல்லை. அது கதிர்வீச்சின் வாட். 800 லூமன் எல்இடி பல்புக்கு அங்கே 2 வாட் சுற்றி வந்தால் போதும். அதை வைத்துவிட்டு எக்ஸ்போஷரை ஏற்றிக்கொண்டால் மற்ற லைட்டுகளை நிஜ விகிதத்தில் யோசிக்க முடியும். ஐநூறு வாட், எண்ணூறு வாட் என்று போக ஆரம்பித்தால் விகிதம் கையை விட்டுப் போய்விடும்.

பல்பு நேராக உச்சந்தலைக்கு மேல் இருந்தது. அப்படி இருந்தால் கண்குழி இரண்டும் கறுத்து மண்டையோடு தெரியும். ஓரடி முன்னால், வண்டியின் நடுப்பகுதிக்கு மேல் நகர்த்தினேன். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. ஒளி தூரத்தின் வர்க்கத்தில் குறையும், முன்பு தலைக்கும் பல்புக்கும் இரண்டடி, கைக்கும் பல்புக்கும் நாலடி, அதாவது முகத்துக்குக் கிடைத்ததில் கால் பங்குதான் கைக்கு. முன்னால் நகர்த்தியதும் அந்த வித்தியாசம் குறைந்தது, மூடியைப் பிடித்த கை வெளியே வந்தது. அந்தக் கையை மாடல் செய்ய அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆனாலும் கண்குழியில் இருட்டு மிச்சம் இருந்தது. இங்கே வழக்கமாக நிழலை நிரப்ப ஒரு ஃபில் லைட் வைப்பார்கள். நிஜத்தில் அந்தப் பாட்டிக்குக் கீழிருந்து வெளிச்சம் எங்கே வரும் என்று பார்த்தால், இட்லித் தட்டின் மேல் விரித்த ஈரத்துணி. பல்பு அதன் மேல் விழுந்து முகத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் துணியின் பேஸ் கலர் (0 கறுப்பு, 1 வெள்ளை) அழுக்குச் சாம்பலில், 0.3 போல இருந்தது. யதார்த்தமாக இருக்கட்டும் என்று செய்திருக்கிறார். இட்லித் துணி பழசானாலும் வெள்ளைதான். 0.75-க்கு ஏற்றி, கறையை மட்டும் மாஸ்க் போட்டு வைத்தேன். புதிதாக ஒரு லைட்டும் சேர்க்காமல் தாடைக்கும் கண்குழிக்கும் மூக்கின் அடிப்பகுதிக்கும் மெல்லிய வெளிச்சம் வந்தது. சைக்கிள்ஸ் மாதிரி, ஒளிக்கதிர் பட்டுத் திரும்புவதைப் பின்தொடரும் பாத் டிரேசரில் லைட்டிங்கில் பாதி வேலை மெட்டீரியலில்தான் இருக்கிறது.

மெடிக்கல் ஷாப் போர்டு

இப்போது முக்கியமான லைட். பாட்டியின் முகத்தில் பிரதிபலிக்க ஒரு பெரிய ஒளிப்பரப்பு வேண்டும், அது அந்தத் தெருவில் இருக்க நியாயமுள்ள பொருளாகவும் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மெடிக்கல் ஷாப், அதன் முகப்பில் உள்ளே டியூப்லைட் போட்ட வெள்ளை போர்டு, எட்டடிக்கு மூன்றடி. அதை ஃப்ரேமுக்கு வெளியே, பாட்டி பார்க்கும் பக்கத்தில் வைத்தேன். பிளேன் (தட்டைப் பரப்பு) ஒன்று, ஒளி உமிழும் எமிஷன் மெட்டீரியல், மேலே ஒரு மூலையில் பச்சைச் சிலுவை, நிறம் 7000 கெல்வின் பக்கம்.

எந்தக் கோணத்தில் என்பதில்தான் நேரம் போனது. கேமராவை ஒட்டி முன்பக்கம் வைத்தால் மினுமினுப்பு நெற்றி நடுவிலும் மூக்கு நுனியிலும் அப்பிக்கொண்டு முகம் தட்டையாகிறது. முழுக்கப் பின்னால் போனால் வெறும் ரிம் லைட், எல்லா சிஜி படத்திலும் இருக்கிற அந்த வெள்ளைக் கோடு. பக்கவாட்டிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் பின்னால் நகர்த்தியபோது சரியாக வந்தது. சாய்வாகப் படும் ஒளி மேற்பரப்பில் அதிகமாகத் திரும்பும், ஃப்ரெனல் விளைவு என்பது அதுதான், அதனால் போர்டின் பவரை ஏற்றாமலே நெற்றிப்பொட்டிலிருந்து கன்ன எலும்பு வழியாகத் தாடை வரை ஒரு நீண்ட நீலம் கலந்த வெள்ளைப் பட்டை இறங்கியது. அந்தப் பட்டை சுருக்கங்களில் தடுக்கித் தடுக்கிப் போகிறது. ஒவ்வொரு சுருக்கமும் அப்போதுதான் தெரிந்தது. அவர் ஸ்கல்ப்ட் செய்தது அத்தனையும் அங்கேயே இருந்திருக்கிறது, காட்ட ஆள் இல்லை.

போர்டு பாட்டியிடமிருந்து ஏழெட்டு அடி தூரம். நிஜத் தெருவில் இன்னும் தள்ளி இருக்கும். தள்ளினால் அது சின்னதாகி, பட்டை புள்ளியாகிவிடுகிறது, ஆகவே பொய் சொல்லிக் கிட்டே வைத்தோம். ஃப்ரேமில் தெரியாத பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று யாரும் டேப் வைத்து அளக்கப்போவதில்லை.

நெருப்பு 1900 கெல்வின், அடுப்பு வாயில் ஒரு பாயின்ட் லைட், ரேடியஸ் பெரிதாக. கீழிருந்து முகத்தில் நெருப்பு வெளிச்சம் பட்டால் பேய்ப்படம்தான். கொப்பரை பெரும்பகுதியைத் தானே மறைத்துவிடுகிறது, மிச்சத்தை, எந்த லைட் எதன் மேல் விழலாம் என்று தீர்மானிக்கும் லைட் லிங்கிங்கில் முகத்துக்கு மட்டும் விலக்கினேன், இதுவும் 4.0-இல் வந்த வசதி. சேலைக் கரை, முன்கை, கொப்பரையின் வயிறு ஆகியவற்றில் ஆரஞ்சு, முகத்தில் இல்லை.

எக்ஸ்போஷரைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்கவில்லை. வியூ டிரான்ஸ்ஃபார்மில் 'ஃபால்ஸ் கலர்' என்று ஒன்று இருக்கிறது, நடுச்சாம்பல் அளவில் இருப்பதைச் சாம்பலாகவும், அதற்குக் கீழே பச்சை, நீலம் என்றும், மேலே மஞ்சள், சிவப்பு என்றும் காட்டும். பழைய ரெண்டரை அதில் பார்த்தால் முகம், வண்டி, பின்சுவர் எல்லாம் ஒரே பட்டையில். முகம் எங்கே என்று படம் சொல்லவே இல்லை. புதியதில் முகத்தின் பெரும்பகுதி பச்சையில், அதாவது நடுச்சாம்பலுக்குக் கீழே. மினுமினுப்புப் பட்டை மட்டும் மஞ்சளைத் தொடுகிறது, பின்னணி முழுக்க நீலம். முகத்தின் சராசரி வெளிச்சம் பழைய ரெண்டரைவிடக் குறைவு. பார்க்கிறவர்களோ இதில்தான் முகம் நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள்.

தோலும் கண்ணும்

இவ்வளவு லைட்டிங் செய்தும் முதல் ரெண்டரில் மெழுகுத்தனம் முழுக்கப் போகவில்லை. பொருளின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பிரின்சிபிள்டு ஷேடரில், ஒளி எவ்வளவு ஆழம் ஊடுருவும் என்ற சப்சர்ஃபேஸ் ஸ்கேல் இயல்பு மதிப்பான 0.05-இலேயே இருந்தது. அது மீட்டர் கணக்கு, அதாவது 5 சென்டிமீட்டர். நிஜ அளவில் செய்த முகத்தில் சிவப்பு ஒளி 5 சென்டிமீட்டர் ஊடுருவினால் மூக்கின் ஒரு பக்கம் விழுந்தது மறுபக்கம் வந்துவிடும். 0.004-க்கு, அதாவது 4 மில்லிமீட்டருக்கு இறக்கினேன். மெலனின் அதிகமுள்ள தோலில் காது மடல் சிவப்பாக எரிவதும் குறைவாகத்தான் இருக்கும்.

டெக்ஸ்சர் (மாடலின் மேல் போர்த்தும் படம்) யாரோ வெள்ளைத் தோலை ஸ்கேன் செய்தது, அதன் மேல் பழுப்பை மல்டிப்ளை போட்டு இருட்டாக்கியிருந்தார். இதில் நிறம் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்கும், நிஜத்தில் அப்படி இல்லை. விரல் கணு, கண்ணைச் சுற்றி, கழுத்து மடிப்பு, உதட்டோரம் இன்னும் கறுப்பு, உள்ளங்கை நன்றாக வெளுப்பு. மூடியைப் பிடித்த கையில் உள்ளங்கை ஓரம் கொஞ்சம் தெரிகிறது, அந்த எல்லையைச் சரியாக வரைந்ததும் அது நம் ஊர்க் கை ஆகிவிட்டது. ரஃப்னஸ் (சொரசொரப்பு, குறைந்தால் பளபளப்பு) முகம் முழுக்க 0.5 என்று ஒரே எண். நெற்றியும் மூக்கும் 0.35, கன்னம் 0.48, உதடு அதைவிடக் குறைவு என்று வரைபடமாக்கி, மேலே கோட் என்ற பளபளப்புப் படலம் 0.2 கொடுத்தேன், அடுப்படி வியர்வைக்கு. ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.4. மேலுதட்டு மேலும் நெற்றி முடி ஓரத்திலும் மட்டும் கோட் கொஞ்சம் கூடுதல். வியர்வைத் துளிகளைத் தனித்தனியாக வைக்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். துளி வைத்தால் ஷாம்பு விளம்பரம்.

கண் தனிக் கதை. வெள்ளை விழி 0.9 அளவுக்கு வெளுப்பு, இந்த வயதில் யாருக்கும் அப்படி இருக்காது, இருட்டு முகத்தில் இரண்டு டார்ச் அடித்தது போல இருந்தது. 0.5-க்கு இறக்கி, மஞ்சளும் ஓரத்தில் சிவப்பு நரம்பும். கருவிழி மட்டும் ஏன் செத்துக் கிடந்தது என்றால், மேலே இருக்கும் கண்ணாடி போன்ற கார்னியா மெஷ் (3டி வடிவம்), ஐஓஆர் 1.376, சைக்கிள்ஸில் நிழல் போட்டு உள்ளே வெளிச்சத்தைத் தடுக்கிறது. லைட் பாத் நோடில் 'ஈஸ் ஷேடோ ரே'யை எடுத்து, நிழல் கதிருக்கு மட்டும் டிரான்ஸ்பரன்ட் ஷேடர் கொடுத்தால் தீர்ந்தது. கீழ் இமை ஓரம் ஒரு நூலளவு ஈரக்கோடு, தண்ணீரின் 1.33 ஐஓஆரில் ஒரு மெல்லிய மெஷ், கண் இமையோடு சேர்ந்த மாதிரி தெரிய அது வேண்டும். பாட்டி பார்ப்பது போர்டு இருக்கும் பக்கம் என்பதால் கண்ணின் ஓரத்தில் அந்த போர்டின் சின்னச் செவ்வகம் தானாக விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பச்சைச் சிலுவைகூட ஒரு புள்ளியாக இருக்கிறது. அதைப் பார்த்துத் தம்பி அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை, படம் பார்க்கும் யாருக்கும் அது தெரியப்போவதில்லை என்றாலும்.

முடி, சேலை இரண்டிலும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முடியின் தடிமனை 0.07 மில்லிமீட்டருக்குக் குறைத்தது, நெற்றி ஓரத்தில் அடங்காத சில முடிகளை விட்டது, தேங்காய் எண்ணெய்க்காக ரஃப்னஸைக் குறைத்தது, அவ்வளவே. ஆவி விஷயத்தில், காட்சி முழுக்கப் புகை போல ஒளியைச் சிதறடிக்கும் ஒரு வால்யூம் பெட்டி போட்டு வைத்திருந்ததை எடுத்துவிட்டு, கொப்பரைக்கு மேலே மட்டும் வைத்தோம், அனிசோட்ராப்பி 0.6, அதாவது ஒளி பெரும்பாலும் முன்னோக்கிச் சிதறும். ஆவி பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால்தான் தெரியும், போர்டு அந்த வேலையையும் பார்த்துக்கொண்டது.

ரெண்டருக்குப் பிறகு

ரெண்டர் எடுக்கும்போது பல்பு, போர்டு, நெருப்பு, தெரு என்று நான்கு லைட் குரூப், ஒவ்வொன்றின் ஒளியும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். கூடவே ஒவ்வொரு பொருளையும் தனியாகத் தேர்ந்தெடுக்க உதவும் கிரிப்டோமேட், எல்லாம் ஒரே மல்டிலேயர் இஎக்ஸ்ஆர் ஃபைலில். லைட் குரூப் இருந்தால், ரெண்டர்களை ஒன்றுசேர்க்கும் கம்போசிட்டரில் நெருப்பை மட்டும் கால் பங்கு குறைக்கலாம், திரும்ப ரெண்டர் போட வேண்டாம். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம். டீனாய்ஸ் செய்ததை, அதாவது ரெண்டரின் புள்ளி இரைச்சலான நாய்ஸை நீக்கியதை, அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இன்டெலின் ஓப்பன் இமேஜ் டீனாய்ஸ் நல்ல கருவிதான், ஆனால் சாம்பிள் குறைவாக இருந்தால் தோலின் துவாரங்களையும் நாய்ஸ் என்று நினைத்து வழித்துவிடும். நாய்ஸ் இருக்கும் மூலப்படத்தையும் டீனாய்ஸ் ஆனதையும் முகத்தில் மட்டும் பாதிக்குப் பாதி கலந்தோம், மாஸ்க்குக்குக் கிரிப்டோமேட் இருக்கிறதே. பல்பைச் சுற்றி கிளேர் நோடில் ஃபாக் குளோ என்ற மெல்லிய ஒளிவட்டம், இருப்பதே தெரியாத அளவுக்கு.

அப்புறம் 16 பிட் டிஃப்ஃபாக எடுத்து க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் ரீடச். 8 பிட்டில் எடுத்தால் இருட்டுப் பின்னணியில் பட்டை பட்டையாக விழும்.

ரீடச் என்றதும் அவர் பிளரையும் ஹீலிங் பிரஷ்ஷையும் எடுத்தார். ஸ்டூடியோப் பழக்கம். ஃபோட்டோவில் ரீடச் என்பது பெரும்பாலும் எடுப்பது. சிஜியில் அது தலைகீழ், சேர்ப்பதுதான் வேலை, ஏனென்றால் ரெண்டர் ஏற்கனவே தேவைக்கு மேல் சுத்தம். 50 சதவீதச் சாம்பல் லேயர் ஒன்று, சாஃப்ட் லைட் மோடில், பிரஷ் ஃப்ளோ 3 அல்லது 4 சதவீதம், அதில் டாட்ஜ் அண்ட் பர்ன், துளித்துளியாக ஒளியும் இருட்டும் கூட்டுவது. கண்ணுக்குக் கீழ்ப்பை ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகக் கறுத்தது. மூக்குத்தி தோலைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன நிழல், இது இல்லாததால் மூக்குத்தி மிதந்துகொண்டிருந்தது. முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு இரண்டு, நெருப்போடு பிழைப்பவர் கையில் இல்லாமல் இருக்காது. விரல் இடுக்கில் மாவு காய்ந்த வெள்ளை. பாட்டியின் முகம், ஒரு பாதியை மறுபாதிக்குப் பிரதியெடுக்கும் மிரர் மாடிஃபையரில் செய்தது என்பதால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று. டிரான்ஸ்ஃபார்ம் டூலின் லிக்விஃபையில் இடக்கண் இமையைத் துளி இறக்கி, வாயின் ஒரு ஓரத்தைத் துளி இழுத்தோம், யாரும் சொன்னால்தான் தெரியும் என்கிற அளவில்.

முகத்தை வெளுக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் அவர் வெளிச்ச அளவை மாற்றும் கர்வ்ஸை எடுத்து நடுவைத் தூக்கப் பார்த்தார். "போன்ல பார்த்தா இருட்டா இருக்குமே அண்ணே?" நியாயமான கேள்விதான், படம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் போனில்தான் பார்க்கப்போகிறார்கள், அதுவும் பிரைட்னஸைக் குறைத்து வைத்துக்கொண்டு. போனில் போட்டுப் பார்த்தோம். பின்னணி இருட்டு உண்மையிலேயே அடைத்துக்கொண்டு நின்றது, வண்டியின் விளிம்பு தெரியவில்லை. அதனால் தெரு லைட் குரூப்பைக் கொஞ்சம் ஏற்றி, பின்னணியின் அடி இருட்டை மட்டும் தூக்கினோம். முகத்தில் பட்டை போனிலும் அப்படியே நின்றது. கடைசியில் ஃபிலிம் துகள் போன்ற ஒற்றை நிறக் கிரெய்ன், முழுப் படத்துக்கும், மெல்லியதாக. ஓரங்களை இருட்டாக்கும் வின்யெட் வேண்டாம், பல்பு ஏற்கனவே அந்த வேலையைத்தான் செய்கிறது.

பழையதையும் புதியதையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று தெரியும். பழையதில் முதலில் கண் போவது கொப்பரை மூடிக்கு, அப்புறம் வெள்ளைச் சுவருக்கு, மூன்றாவதாகத்தான் பாட்டி. புதியதில் கன்னத்துப் பட்டையில் கண் விழுந்து, அதிலிருந்து கண்ணுக்குப் போய், பிறகு கை, ஆவி, நெருப்பு என்று இறங்குகிறது.

மிச்சம் இருக்கும் குறைகள்: மூடியைப் பிடித்த விரல்களுக்குப் பாரம் தெரியவில்லை, பிளாஸ்டிக் மூடியைத் தூக்கியது போல இருக்கிறது, அது போஸில் திருத்த வேண்டியது, லைட்டும் ரீடச்சும் அதைக் காப்பாற்றாது. சேலை முந்தானை தோளில் ஒட்டவில்லை. இன்னொன்று, இந்தப் படம் அசையப் போகிறது. க்ரிட்டாவில் வரைந்தது எதுவும் அடுத்த ஃப்ரேமுக்கு வராது. தழும்பு, மாவு, கீழ்ப்பையின் கறுப்பு மூன்றையும் டெக்ஸ்சர் மேப்பில் வரைந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன், முகத்தின் கோணல் மாடலிலேயே சேமிக்கும் வடிவ மாற்றமான ஷேப் கீயாகப் போக வேண்டும், கிரெய்ன் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற வேண்டும். பாட்டி தலையைத் திருப்பும் ஷாட்டில் போர்டின் பட்டை மூக்கைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது, அதற்கு போர்டை அசைப்பதா, அல்லது வலப்பக்கம் இன்னொரு கடை திறப்பதா என்று அவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் டீக்கடை ஒன்றைச் சொல்லியிருக்கிறேன், டியூப்லைட் கொஞ்சம் மங்கலாக.